எனக்காகத் தள்ளிப்போட்ட காப்பு

1

போன வியாழக்கிழமை காலை, மலாய் நாட்டில் ஈப்போ நகரச் சந்தையை மூடப் போனேன். நான் இந்த ஊர்ச் சுகாதார அலுவலகத்தில் நர்ஸாக இருக்கிறேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு சிப்பந்தி கூட வந்தார். என் கையில் நான்கு மொழிகளில் அச்சடித்த அறிவிப்புத் தாள்கள். ஆற்றோரத்துக் கிராமங்களில் வாந்திபேதி கண்டிருப்பதால் மறு உத்தரவு வரும்வரை சந்தை, சினிமாக் கொட்டகை, கள்ளுக்கடை மூன்றும் அடைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. தமிழ்த் தாளைப் பிழை பார்த்துக் கொடுத்தது நான்தான். அதிலும் 'சந்தை' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை 'பாசார்' என்று மலாய்ச் சொல்லைப் போட்டுவிட்டு, அச்சாகி வந்த பிறகே கவனித்தேன்.

மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மீன் மேடைகள் கழுவிக் காய்ந்து கிடந்தன. இறைச்சிக் கொக்கிகள் வெறுமையாகத் தொங்கின. ஒரே ஒரு கீரைக்காரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல் பக்கத்துக்காரி. நான் தாளை ஒட்டச் சொன்னதும் எழுந்து வந்து பார்த்தாள்.

"நாலு நாளா நாங்க ஈ ஓட்டுறோம். இப்பத்தான் மூடச் சொல்லி வாரீகளாக்கும்" என்றாள்.

யார் மூடச் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, வாங்குகிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், விற்கிறவர்கள் பிறகு நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான் என்றாள்.

அன்று பிற்பகல் எங்கள் பெரிய டாக்டர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், உத்தரவு ஒட்டப்பட்ட அன்றே சந்தை முழுவதும் காலியாக இருந்தது என்று எழுதினார். அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. நல்ல மனிதர், வேண்டுமென்று எழுதவில்லை. நானும் திருத்தவில்லை. முழு உண்மை இல்லாத, ஆனால் பொய்யும் இல்லாத ஒரு வாக்கியத்தை நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் கூடிப் பேசும் மந்தையில், சென்ற ஆண்டு சொன்னது. நான் கப்பல் ஏறுவதற்காக எங்கள் ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொள்வதை ஒரு வாரம் தள்ளிப்போட்டது. அந்த வாரத்தில் என் மாமன் மகன் வீரணனின் பெண் பஞ்சவர்ணம் இறந்துபோனாள். ஊர் தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாளா என்பதுதான் என் கேள்வி. ஊரில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. இப்போது வீரணனும் இந்த ஈப்போவிலேயே இருக்கிறார்.

2

மதுரைப் பக்கத்து வாசகர்களுக்குக் காப்பு கட்டுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஊரைச் சுற்றி நோய் நடமாடுகிறது என்று தெரிந்தால், ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மன் கோவிலில் பூசாரி கையில் மஞ்சள் கயிறு கட்டி, ஊர் எல்லைகளில் வேப்பிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். செவ்வாயைத் தவிர வேறு கிழமையில் கட்டுவதில்லை. கட்டிவிட்டால், அவிழ்க்கும் நாள்வரை ஊர் தனக்கென்று வைத்திருக்கும் சட்டம் வேறு.

சென்னையில் சுகாதாரப் பயிற்சி முடித்துவிட்டு வந்த புதிதில் அந்தச் சட்டத்தை நான் பட்டியலாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எதையும் வரிசை எண் போட்டு எழுதாவிட்டால் எனக்கு மனதில் நிற்காது.

ஒன்று, ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது.
இரண்டு, வெளியூரார் இங்கே இரவு தங்கக் கூடாது.
மூன்று, கல்யாணம், விருந்து, துக்கம் விசாரிக்கப் போவது எதுவும் இல்லை.
நான்கு, சந்தைக்குப் போவதில்லை.
ஐந்து, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, தாளிப்பதில்லை.

ஐந்தாவதைத் தவிர மற்ற நான்கும் எங்கள் பாடப்புத்தகத்தில் வேறு வார்த்தைகளில் இருந்தன. எங்கள் ஆசிரியை அவற்றைச் சட்டம் போட்டு நடத்திவைப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் ஊரில் அதற்கு ஒரு போலீஸ்காரர்கூடத் தேவைப்பட்டதில்லை. கட்டுவதா வேண்டாமா என்று மந்தையில் கூடிப் பேசுவார்கள், கட்டிய பிறகு பேச்சே இருக்காது.

சர்க்கார் உத்தரவு வேறு மாதிரி. சென்ற ஆண்டு நான் ஊரில் இருந்தபோது மேலூர்ச் சந்தை அடைக்கப்பட்டது என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். சந்தைத் திடலில் இரண்டு காவலர்களும் நின்றார்கள். அந்த வாரம் சந்தை, திடலுக்கு அரை மைல் தள்ளி ஒரு கண்மாய்க் கரைமேல் கூடியது. ஆடு, மாடு, வெங்காயம், வளையல் எல்லாம் அங்கே வந்துவிட்டன. உத்தரவு திடலுக்குத்தானே, கரைக்கு இல்லையே என்று சிரித்தார்களாம். குடிக்கக் கண்மாய்த் தண்ணீர்.

3

நான் இரண்டு மாத விடுப்பில் என் மகள் கமலாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. என் கணவர் ஈப்போவில் ஒரு ஈயச் சுரங்கத்தில் வரைபடம் வரைகிறவர், அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் எங்களுக்குக் கப்பல் பதிவாகியிருந்தது. சனிக்கிழமை ஊரைவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். அந்தக் கப்பலை விட்டால் என் விடுப்பு முடிந்துவிடும், வேலைக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை மந்தையில் கூட்டம் போட்டார்கள். பக்கத்து ஊர்களில் இரண்டில் பேதி கண்டுவிட்டது என்று செய்தி. வருகிற செவ்வாயே காப்பு கட்டிவிடலாம் என்றார் ஊர்ப் பெரியவரான அம்பலம். எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் நாங்கள் கோவில் சுவரோரம் நின்றிருந்தோம்.

என் அண்ணன் சோலை எழுந்தார். "ஒரு செவ்வா தள்ளிக்கலாம் மாமா. தங்கம் சனிக்கெழம கப்பலுக்குக் கெளம்புது. இப்பக் கட்டுனா அது ஒண்ணு நாளைக்கே பெட்டியத் தூக்கணும், இல்ல கப்பல விடணும். வந்த புள்ளைய நாமளே வெரட்டுனதாப் போயிரும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால், அவளாகக் கிளம்பும் நாளுக்கு முன்னால் கிளம்பச் சொல்வது அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே தலைகுனிவு. கடல் தாண்டி வந்தவள் என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணன் சொன்னதும் கூட்டத்தில் ஒரு இளக்கம் வந்ததை நான் பார்த்தேன்.

வீரணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆடு வளர்த்து விற்கிறவர். எதையும் நேராகச் சொல்லத் தெரியாது, நக்கலாகத்தான் வரும்.

"அப்ப ஆத்தாளும் அதே கப்பலுக்குத்தான் டிக்கெட்டு வாங்கியிருக்காளான்னு ஒரு வார்த்த கேட்டுக்கங்கப்பா. சனிக்கெழம வரைக்கும் காத்திருப்பாளாம்ல" என்றார்.

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "அத்த மகளக் கப்பக்காரன் கட்டிட்டுப் போயிட்டான்னு இன்னும் வயித்தெரிச்சல்டா மாப்ள ஒனக்கு" என்றார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். வீரணனும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

அம்பலம் என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ இதுக்குன்னே படிச்ச புள்ள. ஒரு வாரத்துல என்ன ஆயிரும்? நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பேதி வரும் வேகம் எனக்குத் தெரியும். ஒரு வாரம் அதற்கு மிக நீளமான காலம். எனக்கு வேறு வழி இருந்ததும் தெரியும். மறுநாளே கிளம்பி, மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த என் தோழி வீட்டில் சனிக்கிழமை வரை தங்கியிருக்கலாம். அவள் பலமுறை கூப்பிட்டிருந்தாள். காப்பு கட்டுவதற்கு முன்பே போய்விட்டால் எந்த விதியும் மீறினதாகாது.

"கெணத்துக்கெல்லாம் மருந்து போட்டாச்சு மாமா. தண்ணியக் கொதிக்கவச்சுக் குடிச்சா பயமில்ல" என்றேன்.

சரியான வாக்கியம்தான். எந்த டாக்டரும் ஒப்புக்கொள்வார். எனக்கு அம்மாவோடு இன்னும் சில நாள் வேண்டியிருந்தது. அதற்காக அப்படிச் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போட்டார்கள்.

4

அந்த வாரத்தில் நான் என்ன செய்தேன் என்றும் வரிசையாகச் சொல்ல முடியும். ஊர்க் கிணறுகளுக்கு மீண்டும் மருந்து போட்டேன். வீடு வீடாகப் போய்க் கொதிக்கவைக்கச் சொன்னேன். தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் இருப்பதைப் பார்த்துப் பெண்கள் கேலி செய்தார்கள், சேலைக்குச் சாயம் முக்கலாம் என்றார்கள். அம்மா எனக்காக முறுக்குச் சுட்டாள், காப்பு கட்டியிருந்தால் சட்டி ஏறியிருக்காது. கமலாவும் பஞ்சவர்ணமும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒன்றாகவே திரிந்தார்கள். பஞ்சவர்ணம் இவளைவிட ஒரு வயது பெரியவள். கமலா வாயிலிருந்து மலாய்ச் சொல் வந்தால் தலையில் குட்டித் தமிழில் சொல்லவைப்பாள். நான் ஐந்து வருஷமாகச் செய்ய முடியாததை அவள் இரண்டு மாதத்தில் செய்தாள்.

கண்மாய்க் கரையில் சந்தை கூடியதும் அந்த வாரம்தான். வீரணன் இரண்டு கிடாய்களை ஓட்டிக்கொண்டு போனார், பஞ்சவர்ணத்தையும் கூட்டிப்போனார். அவள் கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்து கமலாவிடம் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

சனிக்கிழமை நாங்கள் கிளம்பினோம். ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பினார்கள்.

பினாங்கு துறைமுகத்துக்கு எதிரே ஒரு தீவு இருக்கிறது. நோய் நடமாடும் கரையிலிருந்து வரும் கப்பல்களில், மேல்தட்டில் படுத்து வந்த கூலி ஜனங்களை எல்லாம் அங்கே இறக்கிக் காவலில் வைப்பார்கள். என்னிடம் உத்தியோகச் சீட்டு இருந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, நல்வரவு என்று ஆங்கிலத்தில் சொல்லி எங்களை விட்டுவிட்டார். பேதி கண்ட இடத்துக்கு மிக அருகிலிருந்து வந்தவள் அந்தக் கப்பலில் ஒருவேளை நான்தான். கூலி ஜனங்கள் படகில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈப்போ வந்து சேர்ந்த பிறகு அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. நாங்கள் கிளம்பிய மறுநாள் ஊரில் முதலில் விழுந்தது பஞ்சவர்ணம். திங்கட்கிழமை அவளை எடுத்துவிட்டார்கள். மறுநாள் செவ்வாய், காப்பு கட்டினார்கள். கட்டிய பிறகு வேறு யாருக்கும் பரவவில்லை. அண்ணன் அதை ஆறுதலாக எழுதியிருந்தார்.

கமலாவிடம் பஞ்சவர்ணம் இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். சில மாதம் கழித்து ஒருநாள் நான் அந்தப் பெயரைச் சொன்னபோது, யார் அது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

5

வீரணன் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்தார். மகள் போன பிறகு ஆடுகளை விற்றுவிட்டாராம். மனைவியை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, இங்கே ரோடு போடும் வேலையில் சேர்ந்து, நகரத்து விளிம்பில் கூலிகளுக்குக் கட்டியிருக்கும் லயத்தில் தங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்த நாளிலிருந்து ஊர்க் கதை எல்லாம் பேசியிருக்கிறோம். அதை மட்டும் பேசியதில்லை.

சந்தையில் உத்தரவு ஒட்டிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். கமலா பள்ளிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எதிரே வந்து, சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் கேட்டாள்.

"இது வையுதா, வாழ்த்துதா?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "இன்னும் இல்லத்தா, ஒங்க ஆத்தா போட்டாத்தானே" என்று அவளிடம் சொன்னார். அவளுக்கு அது முழுதாகப் புரியவில்லை. சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். அவர் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் இருந்தால் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று நான் கணக்குப் பார்த்தேன், அவரும் பார்த்திருப்பார்.

என் கணவருக்கு அன்று சுரங்கத்தில் வேலை. இலை போட்டுச் சோறு வைத்தேன். அவர் பிசைய ஆரம்பித்ததும் கேட்டுவிட்டேன். நேரடியாகக் கேட்க வாய் வரவில்லை, உத்தியோகக் கேள்வியாகத்தான் வந்தது.

"மச்சான், அன்னிக்குக் கண்மாய்க் கரையில பஞ்சவர்ணம் தண்ணி குடிச்சாளா?"

குடித்தாள் என்றார். வெயிலாக இருந்தது, அவளாகப் போய்க் கையில் அள்ளிக் குடித்தாள், நானும்தான் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

"அந்தச் செவ்வாயே காப்பு கட்டியிருந்தா நீங்க சந்தைக்குப் போயிருக்க மாட்டீங்க."

"போயிருக்க மாட்டேன்."

"எனக்காகத்தானே தள்ளிப்போட்டாக."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"காப்பு கட்டலன்னா போயே ஆகணும்னு எவன் சொன்னான்? சர்க்காரு தமுக்கடிச்சுப் போகாதன்னுதான் சொன்னான். ஒன் அண்ணன் போகச் சொல்லல, நீ போகச் சொல்லல. கெடாய்க்கு நல்ல வெல கெடைக்கும்னு நாந்தான் போனேன். வளையல் வேணும்னு அழுதுச்சு, நாந்தான் கூட்டிட்டுப் போனேன். எம்புள்ள செத்தது என்னோடது, தங்கம். அதுல வந்து நீ பங்கு கேக்காத."

ரசத்தை எடுக்க உள்ளே போனேன். அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மன்னிப்பு கிடைத்துவிட்டதாக மனதில் ஒரு ஓரம் லேசாகியிருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

"நான் திங்கக்கெழமையே கெளம்பியிருக்கலாம் மச்சான். மதுரையில தங்க எனக்கு வீடு இருந்துச்சு" என்றேன்.

"தெரியும். கெளம்பியிருக்கலாம்" என்றார். "அன்னிக்கு மந்தையிலயே நான் நெனச்சேன், படிச்ச புள்ள, அதுவாச் சொல்லிரும்னு. நீ சிரிச்ச." சோற்றில் குழி பறித்துக்கொண்டே, "அது ஒன்னோடது" என்றார்.

ரசம் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, இனி நோய் ஓயும்வரை ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன், லயத்தில் எல்லோருமாகப் பேசிவைத்திருக்கிறோம், சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். கமலா அவருக்கு ஆங்கிலத்தில் விடை கொடுத்தாள்.

6

லயத்தை அடைக்க வேண்டும் என்ற உத்தரவு புதன்கிழமை வரை பெரிய டாக்டர் மேசையில்தான் இருந்தது. லயம் ரோட்டு இலாகாவுக்குச் சொந்தம், சுகாதார அலுவலகம் உத்தரவு போடலாமா என்று இரண்டு அலுவலகமும் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தன. கிணற்றுக்கு மருந்து மட்டும் போட்டுவிட்டு வரச் சொல்லி அன்று அவர் என்னை அனுப்பினார்.

லயத்துக்குப் போகும் செம்மண் பாதையில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. வேம்பு இங்கே அரிது. எங்கிருந்தோ கொண்டுவந்த நாலைந்து கொத்துகளோடு ஏதோ காட்டு இலையும் சேர்த்துச் செருகியிருந்தார்கள். முந்தின நாள் செவ்வாய் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. உள்ளே வேலைக்குப் போகிற கூட்டம் இல்லை. துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்தேன். யோசித்துச் செய்யவில்லை, எத்தனையோ வேலிகளையும் கயிறுகளையும் அப்படித் தாண்டிப் பழகிவிட்டேன்.

"அங்கயே நில்லு புள்ள."

வீரணன் லயத்து முதல் வீட்டுக்கு வெளியே நின்றிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நான் மருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். கிணற்றுக்குப் போட வேண்டும், அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றேன்.

"மருந்து வேணும். நீ வேணாம். அங்க வச்சிட்டுத் தள்ளிப் போ. எம்புட்டுப் போடணும்னு அங்கருந்தே சொல்லு, நான் போட்டுக்கிடுறேன்."

அளவைச் சொன்னேன். கிணற்றின் ஆழம் கேட்டு, மறுபடி கணக்குப் பார்த்து, திருத்திச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். பின்னால் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், நர்ஸம்மாதானே, கிணறு வரைக்கும் வந்துட்டுப் போகட்டுமே என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. வீரணன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஆரையும் விடுறதில்லன்னு பேசியாச்சு. இலாகா ஆளா இருந்தாலும் சரி, அத்த மகளா இருந்தாலும் சரி."

"சரி மச்சான்" என்றேன்.

டப்பாவைக் கயிற்றுக்கு அடியில் வைத்தேன். நான் பின்னால் நகர்ந்து, பாதை திரும்பும் இடத்துக்குப் போய் நிற்கும்வரை, அவர் அதைத் தொடவில்லை.